முதல் பண்டல் வரும்வரை

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். சாப்பிடப் போகும் நேரத்தில் என் அக்கா மகன் கேட்டான், "மாமா, வேலை முடிஞ்சா போதாதா? எத்தனை மணிக்கு வந்தா என்ன?"

பெங்களூரில் மென்பொருள் வேலை அவனுக்கு. காலை ஒன்பதரைக்கு டீம் முழுக்கக் கூடிப் பத்து நிமிடம் பேசுவார்களாம். இவன் பாதி நாள் பத்து மணிக்குத்தான் வருகிறான். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். "என்னால ஒரு வேலைகூட நின்னதில்லை மாமா. சொன்ன தேதிக்கு முன்னாடியே முடிச்சுக் கொடுத்திருக்கேன்" என்றான். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். "அதானே, வேலை முடிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

திருப்பூர் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. 1998-இல் பத்தாவது முடித்த கையோடு கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தவன் நான். அப்புறம் டெய்லர், சூப்பர்வைசர், இப்போது ஆபீஸ் என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளிலேயே போய்விட்டது. லேட்டாக வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், நேரத்துக்கு வந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் தெரிந்த நான் அவனுக்கு அப்படிப் போகிற போக்கில் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

திருப்பூரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பவர் டேபிள் என்றால் இங்கே தையல் நடக்கும் இடம். ஒரு டி-ஷர்ட்டை ஒரே ஆள் முழுதாகத் தைப்பது கிடையாது. ஓவர்லாக் டெய்லர் தோளைச் சேர்ப்பார், கை வைப்பார், பக்கவாட்டை மூட்டுவார். பேட்லாக் டெய்லர் அடிப்பகுதியையும் கையின் ஓரத்தையும் மடித்து அடிப்பார். சிங்கர் டெய்லர் லேபிள், பட்டி இதையெல்லாம் பார்த்துக்கொள்வார். கைமடி ஆட்கள் பீஸை எடுத்துக் கொடுத்து, அடித்ததை வாங்கி அடுக்கி, பிசிறு வெட்டி அடுத்த மெஷினுக்குத் தள்ளுவார்கள். இவர்கள் எல்லாரும் சேர்ந்தது ஒரு பேட்ச். கட்டிங்கிலிருந்து வரும் துணி பண்டல் பண்டலாக ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். நான் வேலை பார்த்த இடத்தில் கைமடிக்கு ஷிப்ட் சம்பளம், டெய்லருக்குப் பீஸ் ரேட்.

பீஸ் ரேட் டெய்லரிடம் ஏன் லேட் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "அடிச்ச பீஸுக்குத்தானுங்க காசு. லேட்டா வந்தா எனக்குத்தானே நட்டம்?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

2009-இல் நான் சூப்பர்வைசராகப் பார்த்த ஒரு பேட்சில் ஓவர்லாக் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் தைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். துணியை மெஷின் ஊசிக்குக் கீழே கொடுக்கும்போதே இடது கை அடுத்த பீஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். நூல் அறுந்தால் குனிந்து பார்க்க மாட்டார், விரலே கோர்த்துவிடும். தையல் தப்பு என்று ஒரு பீஸ் ஆல்டருக்குத் திரும்பி வராது. ஆனால் எட்டரைக்கு வர மாட்டார். ஒன்பது, ஒன்பதே கால், சில நாள் ஒன்பதரை. நான் முதலாளியிடம் சொன்னபோது அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பீஸ் வருதில்ல, விடு" என்றார். அந்த நோட்டைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். லேட்டாக வந்த நாளிலும் மற்ற ஓவர்லாக் ஆட்களைவிட அவர் பீஸ்தான் அதிகம்.

அதே பேட்சில் பேட்லாக் அடித்தது ஓர் அக்கா. ஊத்துக்குளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டில் தண்ணீர் நான்கைந்து நாளுக்கு ஒரு தடவைதான் வரும். வரும் நாளில் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து குடத்தையெல்லாம் நிரப்பி, சமைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்படியிருந்தும் எட்டு இருபத்தைந்துக்கு மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். தோளும் பக்கமும் மூட்டி வந்தால்தானே அடிப்பகுதியை மடிக்க முடியும்? ஓவர்லாக் ஓடாமல் பேட்லாக்குக்கு வேலையே இல்லை. ஒன்பதே காலுக்கு அண்ணன் வந்து உட்கார்ந்து முதல் பண்டலை முடித்து, அது சிங்கரைத் தாண்டி அக்காவின் மேஜைக்கு வருவதற்குள் பத்து மணி ஆகிவிடும். அவரும் பீஸ் ரேட்தான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அவருக்குக் காலணா கிடையாது.

காலையில் நடப்பது இது. சாயங்காலத்தை நான் பல மாதம் கவனிக்கவே இல்லை. அண்ணனுக்கு வேகம் அதிகம் என்பதால் காலையில் விட்டதை மதியத்துக்கு மேல் பிடித்துவிடுவார். மூன்று மணிக்கு மேல் அக்காவின் மேஜையில் பீஸ் குவிய ஆரம்பிக்கும். ஏழு மணிக்கு அண்ணன் தன் கணக்கை முடித்துவிட்டு, மெஷினை ஆஃப் செய்து, கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். குவியல் அப்படியே கிடக்கும்.

ஒருநாள் இரவு எட்டு மணி இருக்கும். செக்கிங்கிலிருந்து திரும்பி வரும்போது பார்த்தேன். அந்த வரிசையில் ஒரே ஒரு டியூப் லைட்தான் எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் போனைக் காதில் வைத்து, தோளால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் துணியை மடிக்கப் பார்த்தார். பெரிய பையன் பேசுகிறான் போல. "குக்கர்ல தண்ணி ஒண்ணரை டம்ளர் ஊத்து சாமி. மூணு விசில் வந்தா அடுப்பை அணைச்சிரு. தங்கச்சியைப் பக்கத்துல விட்டுறாத" என்றார். பக்கத்தில் ஒரு கைமடிப் பெண் நின்றபடியே தூங்கி வழிந்தாள். அவளுடைய கடைசி பஸ் போய்விடுமோ என்று அவளுக்குக் கவலை.

"இன்னும் எவ்வளவுங்கக்கா இருக்கு?" என்றேன்.

"எம்பது பீஸ் இருக்குங்க தம்பி." துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அவரு எட்டரைக்கு வந்திருந்தா நான் இந்நேரம் வூட்டுல சோறாக்கிட்டு இருப்பேனுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. எட்டு மாதமாக ஒரே பேட்சில் இருந்தும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலாளி பார்த்த நோட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பேட்சுக்கு இத்தனை பீஸ் என்று எழுதியிருந்தது, அத்தனையும் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பீஸுக்குள் அக்காவின் காலை ஒன்றரை மணி நேரமும், ராத்திரி இரண்டு மணி நேரமும், எட்டு வயதுப் பையன் குக்கர் வைத்ததும் கிடந்தது. அதை எழுத அந்த நோட்டில் இடமே இல்லை. வேலை முடிந்துவிட்டதே என்று யாராவது சொன்னால் அன்றிலிருந்து எனக்கு அந்தக் குவியல்தான் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் அண்ணனை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். திட்டுவதாகத்தான் நினைத்திருந்தேன். ஏன் லேட் ஆகிறது என்று கேட்டதும் கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்ட். பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. மனைவி வந்து குழந்தையை வாங்கினால்தான் இவர் கிளம்ப முடியும். மில்லில் மெஷின் நிற்காது. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய ஆள் வந்து சைடை, அதாவது அவர் பொறுப்பில் இருக்கும் மெஷின் வரிசையைப் பார்த்து வாங்கிக்கொண்டால்தான் இருக்கும் ஆள் வெளியே வரலாம். மாற்ற வேண்டிய ஆள் பத்து நிமிடம் பிந்தினால் மில் வேன் போய்விடும். அடுத்தது டவுன் பஸ்தான்.

அதாவது, எங்கோ பல்லடம் ரோட்டில் இருக்கும் ஒரு மில்லில், எனக்கு முகமே தெரியாத ஒரு பெண் பத்து நிமிடம் பிந்தியதால், ஊத்துக்குளிப் பக்கம் ஒரு சின்னப் பையன் ராத்திரி குக்கர் வைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் பிந்தியதற்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

"இத்தனை நாள் ஏனுங்கண்ணா சொல்லலை?" என்றேன். "யாரும் கேக்கலீங்க. பீஸுதான் வந்துருதே" என்றார்.

பேட்லாக் அக்கா ராத்திரி எட்டரை வரை இருப்பதே அவருக்குத் தெரியாது. அவர் போன பிறகு நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னதும் முகம் மாறிவிட்டது. அவரே ஒரு வழி சொன்னார். சாயங்காலம் போகும்போது தன் கணக்குக்கு மேல் இரண்டு பண்டல் மூட்டி வைத்துவிட்டுப் போகிறேன், காலையில் அக்கா அதில் கை வைக்கட்டும், நான் ஒன்பதே காலுக்கு வந்தாலும் வரிசை ஓடும் என்றார். சிங்கர் டெய்லரும் ஒப்புக்கொண்டார். மூன்றே நாளில் எல்லாம் மாறியது. எட்டரைக்கு அக்காவின் மெஷின் சத்தம் கேட்டது. ஏழரைக்கு அவர் பஸ் ஏறினார். அண்ணன் அதே ஒன்பதே காலுக்குத்தான் வந்தார். ஆனால் அவருடைய தாமதம் யார் மேலும் விழவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. புது ஸ்டைல் இறங்கும் நாளில் முன்னாடியே மூட்டி வைக்க எதுவும் இருக்காது. முதல் பீஸை எல்லாரும் கூட நின்று அடித்து, அளவு பார்த்து, தரம் பார்க்கும் கியூசி ஓகே சொன்ன பிறகுதான் வரிசை ஓடும். அந்த நாளில் மட்டும் எட்டரை என்றால் எட்டரைதான் என்று சொல்லிவிட்டேன். அண்ணனும் சரி என்றார். முந்தின நாளே அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் குழந்தையை விட ஏற்பாடு செய்துகொள்வார். ஒரு தடவைகூட அந்த நாளில் பிந்தியதில்லை.

இதற்கு ஜெர்மனிக்காரர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. எங்களிடம் ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவரின் அலுவலகத்திலிருந்து வந்த அம்மா, "நான் ஏழு மணிக்கும் போவேன், ஒன்பது மணிக்கும் போவேன், நடுவில் உள்ள சில மணி நேரம் மட்டும் எல்லாரும் இருந்தாக வேண்டும்" என்றார். கிளைட்ஸைட் என்பார்களாம். 1967-இல் மியூனிக் பக்கத்தில் ஓட்டோபுரூன் என்ற ஊரில் இருந்த விமானக் கம்பெனி ஒன்று அதைக் கொண்டுவந்தது. எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்ததால் காலையில் ரோடே அடைத்துக்கொண்டதுதான் காரணம். காலை எட்டேகாலுக்கு நம் திருப்பூர் வளர்மதி பாலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஆயிரக்கணக்கான பேருக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

இதுவரை தொழிலாளி லேட்டாக வருவதைப் பற்றித்தான் சொன்னேன். கம்பெனி லேட்டானால் என்ன ஆகிறது?

2011 ஜனவரி 28-ஆம் தேதி, நொய்யல் மாசுபாடு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யலைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தீர்ப்பைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் துணி வெளியூர் போய்ச் சாயமேறி வர வேண்டியதாயிற்று. என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் எட்டரைக்கு வருவார்கள். துணி இருக்காது. "பத்து மணிக்கு வண்டி வந்துரும்" என்போம். பன்னிரண்டாகும். "மதியம் வந்துரும்" என்போம். மூன்று மணிக்கு "இன்னைக்கு இல்லை, நாளைக்கு வாங்க" என்று அனுப்புவோம். ஷிப்ட் சம்பளக்காரருக்கு அரை ஷிப்டாவது போட்டோம். பீஸ் ரேட் டெய்லருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக் கட்டாது என்று நிறுத்திவிட்டால் மறுபடியும் அதே கதைதான், கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள்.

என் அப்பாவும் பனியன் கம்பெனி ஆள்தான். 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு ஊரில் வேலை மெல்ல மெல்லக் காண்ட்ராக்டுக்கும் பீஸ் ரேட்டுக்கும் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். துணியில்லாத அந்த மாதங்களில் நான் வீட்டுக்கு வந்து புலம்பியபோது அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "ஷிப்ட் சம்பளத்துல சும்மா உக்கார்ந்திருக்குற நேரம் மொதலாளி காசுடா. பீஸ் ரேட்டுல அது நம்ம காசு."

இன்னொன்று சனிக்கிழமை சம்பளம். வாரச் சம்பளம் என்பது இந்த ஊரின் மூச்சு. சனிக்கிழமை சாயங்காலம் கவர் வாங்கி, அப்படியே மளிகைக் கடைப் பாக்கியைக் கொடுத்துவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் இருந்த ஒரு கம்பெனியில் ஐந்தரைக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை எட்டரைக்கு முன் கொடுத்ததில்லை. கணக்கு முடியவில்லை, பேங்க் பணம் வரவில்லை, முதலாளி வெளியே போயிருக்கிறார், ஏதாவது ஒரு காரணம். இருநூறு பேர் வாசலில், படிக்கட்டில், சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பார்கள். கொசுக்கடியில் குழந்தைகளோடு நிற்கும் பெண்களும் இருப்பார்கள். அதே கம்பெனியில்தான் காலை எட்டு முப்பத்தைந்துக்குக் கேட்டைச் சாத்துவோம். சாத்துவதற்கு நின்றவர்களில் நானும் ஒருவன். ஐந்து நிமிடம் பிந்தியவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாயங்காலம் அவரையே மூன்று மணி நேரம் நிற்க வைப்பதில் என்ன நியாயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

2015-இல் ஆபீஸ் வேலைக்கு மாறினேன். மெர்ச்சண்டைசிங், அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே நேரம் வேறு மாதிரி ஓடும். எங்கள் பையர் ஹாம்பர்க்கில். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் எங்களுக்குத் தீபாவளி, பொங்கல் மாதிரி மறக்காது. சாம்பிள் கமெண்ட், லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் எல்லாம் சாயங்காலம்தான் வந்து விழும். காலையில் ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தால் நேற்று விட்டதைப் பார்க்கலாம், டையிங்குக்கு, அதாவது சாயப்பட்டறைக்கு, ஒரு போன் போடலாம். உண்மையான வேலை மதியத்துக்கு மேல்தான்.

எங்கள் டீமில் ஒரு பிள்ளை இருந்தாள். அவிநாசியிலிருந்து வருவாள். காலையில் ஒன்பது ஐம்பது ஆகிவிடும். சாயங்காலம் எட்டரை, ஒன்பது வரை இருப்பாள். பையர் கேள்வி கேட்டால் அரை மணி நேரத்துக்குள் பதில் போயிருக்கும். பயோமெட்ரிக் வந்த பிறகு ஒரு விதி போட்டார்கள். மாதத்தில் மூன்று லேட் என்றால் அரை நாள் சம்பளம் கட். மாதக் கடைசியில் ஹெச்ஆரிலிருந்து ஒரு ஷீட் வரும். அதில் லேட் நிமிடம் என்று ஒரு கட்டம் இருந்தது. கூடுதலாக இருந்த நேரத்துக்குக் கட்டமே இல்லை. விரல் வைக்கும் மெஷின் அதையும் பதிவு செய்திருந்தது, ஷீட் போட்டவர்கள் எடுக்கவில்லை.

நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்த மாதம் அவள் மொத்தமாகப் பிந்தியது 4 மணி 40 நிமிடம். ஆறரைக்கு மேல் இருந்தது 41 மணி நேரம். 14 லேட்டுக்கு இரண்டு நாள் சம்பளம் போயிருந்தது. அவளுக்காக யாரும் காலையில் காத்திருக்கவில்லை. டையிங்குக்கும் கட்டிங்குக்கும் அவள் தர வேண்டியதை முந்தின ராத்திரியே அனுப்பிவிட்டுத்தான் போவாள். ஓவர்லாக் அண்ணன் மூட்டி வைத்துவிட்டுப் போன இரண்டு பண்டல் மாதிரி.

ஹெச்ஆரில் கேட்டேன். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எட்டரைக்கு விரல் வைத்துவிட்டுப் பேக்கிங்கில் நிற்கும் ஆள், பத்து மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு படியேறும் ஆபீஸ் ஆளைப் பார்க்கிறார். அவர் ஆறு மணிக்குப் போன பிறகு அந்த ஆபீஸ் ஆள் ஒன்பது வரை இருப்பது அவர் கண்ணில் படாது. அது புரிகிறது. அதற்காகச் சம்பளத்தைப் பிடுங்குவதா? அப்போது நடப்பில் இருந்த 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு தெளிவாகச் சொன்னது. வேலைக்கு வராத நேரம் எவ்வளவோ அந்த விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பேசிவைத்துக்கொண்டு முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் போனால் மட்டும் 8 நாள் சம்பளம்வரை பிடிக்க அதில் இடமிருந்தது. அதற்குப் பதிலாக 2019-இல் இயற்றி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அடிப்படைக் கணக்கு அதேதான். இருபது நிமிடம் பிந்தினால் இருபது நிமிடக் காசு. மூன்று இருபது நிமிடத்துக்கு அரை நாள் என்பது எந்தக் கணக்கு?

இத்தனையும் தெரிந்தும் டீம் லீடர் என்ற இடத்தில் நான் அந்த ஷீட்டில் கையெழுத்துப் போட்டேன். மேலே பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை, போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒன்பது இருபத்தைந்துக்கு வந்தாள். ஆறரைக்குப் பையை எடுத்தாள். விதிப்படி எல்லாம் சரி. பத்து நாள் கழித்து ஹாம்பர்க்கிலிருந்து ஒரு லேப் டிப் அப்ரூவல் சாயங்காலம் ஏழு பத்துக்கு வந்தது. மறுநாள் காலையில்தான் பார்த்தோம். அதற்குள் சாயப்பட்டறையில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த மெஷினில் வேறு பார்ட்டியின் துணி ஏறிவிட்டது. இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளைக் கட்டிங் ஆட்களும் பவர் டேபிள் ஆட்களும் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து பிடித்தார்கள். ஆபீஸில் ஒருத்தியை ஒன்பதரைக்கு வரவழைத்ததற்குக் கீழே நாற்பது பேர் ராத்திரி விழித்தார்கள். நான்கு மாதத்தில் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அக்கா மகனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். "அன்னைக்கு அவசரத்துல ஏதோ சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்து, ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்த ஒன்பதரை மணிக் கூட்டத்துல நீ வரலைன்னா வேலை ஆரம்பிக்க முடியாம யாராச்சும் இருக்காங்களாடா?"

கொஞ்சம் யோசித்தான். "டெஸ்டிங்ல ஒரு பொண்ணு இருக்கா மாமா. நான் எதை முடிச்சேன்னு சொன்னாத்தான் அவ எதை எடுக்கறதுன்னு தெரியும். ஆனா அவ ஒண்ணும் சொன்னதில்லையே."

"சொல்ல மாட்டாங்கடா. நீ ராத்திரியே எழுதி அனுப்பிட்டுப் படு. அப்புறம் பத்து மணிக்குப் போ. உங்க மேனேஜர்கிட்ட நானே வந்து பேசறேன்" என்றேன். சிரித்தான். அனுப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

பேட்லாக் அக்கா இப்போது தனியாக ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஷெட்டில் எட்டு மெஷின். எல்லாரும் அந்தச் சுற்றுவட்டாரப் பெண்கள். வேலை ஆரம்பிக்கும் நேரம் ஒன்பதே கால். எப்படி அந்த நேரம் என்று கேட்டதற்கு, "பசங்க ஸ்கூல் வேன் எட்டே முக்காலுக்கு வருதுங்க. எல்லார்கிட்டயும் கேட்டு வெச்சதுதானுங்க தம்பி" என்றார். ஒன்பதே காலுக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் விட மாட்டாராம். அதையும் சொன்னார்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு லாட் விஷயமாகப் பேச அங்கே போயிருந்தேன். சனிக்கிழமை. ரேட் பேசி முடிக்கும் நேரத்தில் அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. அஞ்சாயிருச்சு."

மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே எட்டு கவர், பெயர் எழுதி, வரிசையாக அடுக்கியிருந்தது.